எண் சரி, முறிவு சரியில்லை

ஒரு சோதனை அறிக்கையை ஏற்பதா, மறுப்பதா என்று நானும் எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர் ஒருவரும் மல்லுக்கட்டி நாளாகிவிட்டது. அந்த அறிக்கைக்குரிய பாகத் தொகுதி என்ன ஆனது என்பதும் முடிந்த கதை. ஆனால் வாக்குவாதம் மட்டும் எனக்குள் ஓய்ந்தபாடில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்று அன்றைக்கே தெரியும். எந்தப் பாதி என்பதுதான் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விமான என்ஜினின் சூடான பகுதிக்கான பாகங்களைச் சிலிக்கான் கார்பைடு இழையும், அதைச் சூழ்ந்து நிரப்பும் சிலிக்கான் கார்பைடு மேட்ரிக்ஸும் சேர்ந்த செராமிக் கூட்டுப்பொருளில் செய்கிறோம். பாகங்கள் உலைக்குள் போகும்போது, அதே இழைத் தொகுதியில் செய்த ஒரு தட்டைப் பலகையும் கூடவே வேகும். பாகத்தை முறித்துப் பார்க்க முடியாது. அதனால் பலகையிலிருந்து துண்டுகள் அறுத்து இழுத்து முறிப்போம். சாட்சித் துண்டு என்று அதற்குப் பெயர். அன்று வந்த அறிக்கையில் எண்கள் அத்தனையும் எல்லைக்குள் இருந்தன. மேட்ரிக்ஸில் விரிசல் தொடங்கும் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின்மேல் விழும் விசை, சரி. இறுதி வலிமை குறைந்தபட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. முறியும் முன் துண்டு நீண்டுகொடுத்த அளவு வழக்கத்தைவிடக் குறைவு; தள்ளுபடி செய்யும் அளவுக்குக் குறைவில்லை. பிறகு இணைப்பில் இருந்த படத்தைப் பார்த்தேன். முறிந்த முகத்தில் ஒரு மூலையில் மட்டும் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் வழவழவென்று தட்டை.

பச்சை மூங்கிலை முறித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: படபடவென்று சத்தம் போட்டு, நார்நாராகப் பிரிந்து, கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் ஒட்டிக்கொண்டே வரும். நல்ல செராமிக் கூட்டுப்பொருளும் அப்படித்தான் முறிய வேண்டும். தட்டையாக முறிந்தால் அது இழை போட்ட செராமிக் இல்லை, வெறும் செராமிக்.

“சார், இது முறிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்” என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

“எண் வந்துவிட்டது தம்பி. இனி படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?”

“எண் வந்தாலும் முறிவு நன்றாக இல்லையே.”

“எத்தனை மெகாபாஸ்கலில் முறிய வேண்டும் என்று விவரக்குறிப்பில் இருக்கிறது. எப்படி முறிய வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்.”

எழுதப்படவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

உலோகத்தில் பழகிய கண்

அவர் நிக்கல் கலப்புலோகப் பிளேடு வார்ப்பிலிருந்து வந்தவர். அந்தத் துறையின் சாதனையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும் உலோகத்தை, அதைவிடப் பல நூறு டிகிரி சூடான வாயுவுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மணி நேரம் சுழல வைத்திருக்கிறார்கள். ஒற்றைப் படிகமாக வார்ப்பது, உள்ளே குளிர்காற்றுப் பாதைகள் விடுவது, மேலே சிர்கோனியாப் பூச்சு தருவது என்று ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையின் உழைப்பு. ஆனால் அந்தக் குளிர்காற்று இலவசமாக வருவதில்லை. கம்ப்ரஸர் பாடுபட்டு அழுத்திய காற்றை, எரித்து வேலை வாங்காமல், பாகத்தைக் காப்பாற்றவே திருப்பிவிடுகிறோம். அதைக் குறைக்கத்தான் செராமிக் உள்ளே வந்தது. சிலிக்கான் கார்பைடு கூட்டுப்பொருள் 1,200 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். அடர்த்தியோ நிக்கல் கலவையில் மூன்றில் ஒரு பங்குதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘உலோகத்தைவிட வலிமையான செராமிக்’ என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அறை வெப்பநிலையில் இந்தக் கூட்டுப்பொருளின் இழுவிசை வலிமை 300 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். நல்ல நிக்கல் கலவை அதைப் போல மூன்று மடங்கு தாங்கும். முறியும் முன் நம் பொருள் நீள்வது ஒரு சதவீதம்கூட இல்லை. வலிமைக்காக இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. உலோகம் தளர்ந்துபோகும் சூட்டில் இது தளராமல் நிற்கிறது, எடை குறைவு, அவ்வளவுதான். அதுவே போதும் என்பதால்தான் 2016-இல் சேவைக்கு வந்த லீப் என்ஜினில் உயர் அழுத்த டர்பைனின் முதல் கட்டப் பிளேடுகளைச் சூழ்ந்திருக்கும் வளையத் துண்டுகள், அதாவது ஷ்ரவுடுகள், இந்தப் பொருளில் வந்தன. 2020-இல் சான்றிதழ் பெற்ற ஜி.இ.9எக்ஸ் என்ஜினில் எரியறையின் உட்சுவர்கள், நாசில்கள் என்று பட்டியல் நீண்டது. கவனித்தால் தெரியும், எல்லாமே நிலையாக நிற்கும் பாகங்கள். சுழலும் பிளேடுகளை எஃப்414 போர் விமான என்ஜினில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பயணிகள் விமானத்தில் அவற்றை ஓட்டும் துணிச்சல் இன்னும் வரவில்லை. வராததற்கான காரணமும் நான் சொல்ல வரும் விஷயத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

உலோகத்தில் பழகியவருக்கு வலிமை என்பது பொருளின் குணம். வார்ப்புக் கட்டியோடு அதன் கலவைச் சான்றிதழும் வருகிறது. அதற்கு உருவம் கொடுக்கிறோம். இங்கே அப்படி ஒரு கட்டி கிடையாது. பாகம் உருவாகும் அதே நேரத்தில்தான் பொருளும் உருவாகிறது. பாகத்தைச் செய்து முடிக்கும்வரை அந்தப் பொருள் உலகத்தில் எங்கும் இல்லை. வார்ப்பிலும் நுண்ணமைப்பு அச்சுக்குள்தானே உருவாகிறது என்று அவர் உடனே மறுப்பார். மறுக்கட்டும். ஆனால் உலோகத்தில் ஒரு குறை இருந்தால் அது பெரும்பாலும் எண்ணில் தெரிந்துவிடும். நீட்சியில் தெரியும், திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி இறக்கும் களைப்புச் சோதனையில் தெரியும். எங்கள் பொருளில் எண்ணுக்குப் பின்னால் குறை ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது.

அரை மைக்ரான்

அந்த இடம் எது என்று சொல்ல, இழையிலிருந்து தொடங்க வேண்டும். 1975-இல் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யஜிமா, பாலிகார்போசிலேன் என்ற பாலிமரை நூலாக இழுத்து, அதைச் சுட்டுச் சிலிக்கான் கார்பைடு இழையாக்க முடியும் என்று காட்டினார். நிப்பான் கார்பன் நிறுவனம் அதை நிக்கலான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் தலைமுறை இழையைக் காற்றில் பதப்படுத்தியதால் ஆக்சிஜன் உள்ளே தங்கியது. சூடு ஏறினால் அதுவே இழையைக் கெடுத்தது. ஆக்சிஜனைத் தவிர்க்க எலக்ட்ரான் கற்றையால் பதப்படுத்தும் முறை வந்தது. இன்று என்ஜினுக்குப் போகும் ஹை-நிக்கலான் டைப் எஸ் இழை அந்த வழியில் வந்தது. தடிமன் ஏறத்தாழ 12 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 500 இழைகள் சேர்ந்தால் ஒரு புரி. கிலோ ஆயிரக்கணக்கான டாலர்.

இந்தப் புரி முதலில் பூச்சு உலைக்குள் போகிறது. போரான் டிரைகுளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்து ஒவ்வோர் இழையின் மேலும் போரான் நைட்ரைடைப் படியவைக்கின்றன. தடிமன் அரை மைக்ரான் அளவில் இருக்கும். அதன்மேல் சிலிக்கான் நைட்ரைடு போன்ற ஒரு காப்புப் படலம். பிறகு பூசிய புரியைக் கார்பனும் சிலிக்கான் கார்பைடுத் தூளும் ரெசினும் கலந்த குழம்புக்குள் விட்டெடுத்து, உருளையில் சுற்றி நாடாவாக்கி, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, சூடும் அழுத்தமும் தரும் ஆட்டோகிளேவ் கலனில் இறுக்குகிறோம். அடுத்து ரெசினை எரித்து வெளியேற்றினால் கார்பன் எஞ்சிய, நுண்துளை நிறைந்த, தொட்டால் உதிர்ந்துவிடும்போல் ஒரு வடிவம் கிடைக்கிறது. கடைசியாக 1,414 டிகிரிக்கு மேல் உருகிய சிலிக்கானை அது தானாக உறிஞ்சிக்கொள்கிறது. சிலிக்கான் கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடாகிறது. சேர ஆளில்லாத சிலிக்கான் அப்படியே தங்கிவிடுகிறது. உறையும்போது சிலிக்கான் சுருங்காது, தண்ணீரைப்போல் விரியும். இடமில்லாமல் பிதுங்கி வெளியே மணிமணியாக உறைந்து நிற்கும். உலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மணிகள்தான். அவற்றைத் தேய்த்தெடுப்பது தனி வேலை.

வாயுவை மட்டும் கொண்டு மேட்ரிக்ஸைப் படியவைக்கும் முறையும் உண்டு. மெதைல் டிரைகுளோரோசிலேன் வாயு, ஏறத்தாழ 1,000 டிகிரி, வாரக்கணக்கில் காத்திருப்பு. அப்படியும் பத்து சதவீதத்துக்கு மேல் துளைகள் எஞ்சும். உருகிய சிலிக்கான் முறையில் துளை மிகக் குறைவு, பாகத்தின் அளவும் அநேகமாக மாறாது. அதனால்தான் பொறுமை குறைந்த நாங்கள் இதைப் பிடித்துக்கொண்டோம்.

இத்தனை வேலையிலும் பொருளின் தலையெழுத்தை நிர்ணயிப்பது அந்த அரை மைக்ரான் போரான் நைட்ரைடுதான். அது பசையில்லை. ஒட்டவிடாமல் வைப்பதுதான் அதன் வேலை. மேட்ரிக்ஸில் ஓடி வரும் விரிசல் இழையைத் தொடும்போது, தளர்வான அடுக்குகளால் ஆன இந்தப் படலத்துக்குள் திரும்பி, இழையின் நெடுகே போய்விடும். இழை முறியாமல் விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொண்டிருக்கும். சுமை இன்னும் ஏறினால் எங்கோ உள்ளே முறிந்து, உரசிக்கொண்டே உருவி வரும். நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் என்று சொன்னேனே, அவை இப்படி உருவி வந்தவை. படலம் இல்லாவிட்டால் சிலிக்கான் இழையோடு நேரே ஒட்டிக்கொள்ளும். விரிசலுக்கு இழையும் மேட்ரிக்ஸும் ஒன்றுதான், குறுக்கே ஓடிவிடும்.

இதைச் சி.டி. ஸ்கேனில் பார்க்க முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முழுப் பாகத்தை ஸ்கேன் செய்தால் தெரியும் நுணுக்கம் பல பத்து மைக்ரான். துளை தெரியும், அடுக்கு பிரிந்திருந்தால் தெரியும், சிலிக்கான் எட்டாத இடம் தெரியும். அரை மைக்ரான் படலம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது. அல்ட்ராசோனிக், வெப்பப் படம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

குறுக்குவெட்டு

அந்த முறிந்த துண்டின் பக்கத்துத் துண்டை அறுத்து, வைரத் தூளில் மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தோம். அவரும் வந்து என் பின்னால் நின்றுகொண்டார். மெருகேற்றிய முகத்தில் ஒவ்வோர் இழையும் ஒரு சாம்பல் வட்டம். அதைச் சுற்றிக் கரிய மெல்லிய வளையம், அது போரான் நைட்ரைடு. அதற்கு வெளியே இன்னொரு வளையம். இடையில் எஞ்சிய சிலிக்கான் வெளிர் திட்டுகளாகக் கிடக்கும். முதலில் பார்த்த புரிகள் எல்லாம் பாடப் புத்தகப் படம்போல் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அவர் தொண்டையைச் செருமியதில் ‘பார்த்தீர்களா’ என்ற தொனி இருந்தது.

மேடையை மெல்ல நகர்த்திக்கொண்டே போனபோது வேறு மாதிரியான ஒரு புரி வந்தது. வெளி ஓரத்து இழைகளுக்கு வளையம் இருந்தது. நடுவில் இருந்தவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கொத்தாக நின்றன. முட்டிய இடங்களில் வளையம் இல்லை. கொத்தின் மையத்தில் வளையமே இல்லாத இழைகளும் இருந்தன. அவற்றின் வட்டம்கூட வட்டமாக இல்லை. உருகிய சிலிக்கான் விளிம்பைத் தின்று, பல இடங்களில் இழை எங்கே முடிகிறது, மேட்ரிக்ஸ் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியவில்லை. அடுத்த அடுக்கிலும் அதே மாதிரி ஒரு புரி. இரண்டும் ஒரே புரிச் சுருளிலிருந்து வந்தவை என்பது பிறகு பதிவேட்டில் தெரிந்தது. பூச்சு உலைக்குள் புரி போதிய அளவு விரிந்து கொடுக்காமல் இறுக்கமாகவே ஓடியிருக்கிறது. வாயு நடுவுக்குப் போய்ச் சேரவில்லை.

“எத்தனை சதவீதம் இழை இப்படி இருக்கும்?” என்று கேட்டார். எண்ணிச் சொல்லும் மனிதர் கேட்கக்கூடிய கேள்விதான். கொஞ்சம்தான், மிச்ச இழைகள் சுமையைத் தாங்கியதால்தான் எண் எல்லையைத் தாண்டியது என்றேன். “அப்படியானால் தாங்குகிறதே?” என்றார். அறை வெப்பநிலையில் தாங்குகிறது என்றேன். அதற்குமேல் இருவருக்குமே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவருக்கும் தெரியும்.

என்ஜினுக்குள் மேட்ரிக்ஸில் ஒரு நுண்விரிசல் விழுந்தால் அதன் வழியே ஆக்சிஜனும் நீராவியும் உள்ளே போகும். 700, 800 டிகிரியில், அதாவது பாகத்தின் அதிசூடான முகத்தில் அல்ல, சற்றுக் குளிர்ந்த பின்புறத்திலும் பொருத்தும் இடங்களிலும், போரான் நைட்ரைடு ஆக்சிஜனேற்றமாகிப் போரான் ஆக்சைடுக் கண்ணாடியாகும். நீராவி பட்டால் அதுவும் ஆவியாகப் போய்விடும். நல்ல படலமே அங்கே போராடிக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே ஒட்டிப்போன இழைக்கொத்து ஒரு புரி அகலத்துக்கு விரிசலுக்கு வழிவிட்டால் என்ன ஆகும்? சூட்டில் நீண்ட நேரம் சுமை வைத்துப் பார்க்கும் சோதனை அதைச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் அதைச் செய்ய முடியாது; முடிவு வருவதற்குள் பாகம் கப்பலேறியிருக்கும்.

நீராவியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். எரிபொருள் எரிந்தால் நீராவி வந்தே தீரும். சிலிக்கான் கார்பைடின் மேல் இயல்பாக உருவாகும் சிலிக்கா படலத்தை அது வாயுவாக்கிக் கொண்டுபோய்விடும். சுவர் மெலிந்துகொண்டே போகும். சோலார் டர்பைன்ஸ் நிறுவனம் 1990-களின் இறுதியில் தொழிற்சாலை டர்பைன்களில் இந்தப் பொருளின் எரியறைச் சுவர்களை ஓட்டிப் பார்த்தபோது, காப்புப் பூச்சு இல்லாதவை 5,000 மணி நேர அளவில் தேய்ந்தன; பூச்சோடு போனவை ஏறத்தாழ 14,000 மணி நேரம் ஓடின. இப்போது இட்டெர்பியம் டைசிலிக்கேட் பூச்சு. அதிலும் மணலும் எரிமலைச் சாம்பலும் உருகிப் படிந்தால் சேதம்தான். அது ஒரு தனிக் கட்டுரைக்கான தலைவலி.

அவருடைய பாதி

அந்தத் தொகுதி நிறுத்தி வைக்கப்பட்டது, பிறகு கழிக்கப்பட்டது. இதில் நான் ஜெயித்தேன் என்று நினைத்தால் தவறு. கழிக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டபோது அவர் சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது: “இன்றைக்கு உங்கள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை, கழித்தோம். நாளைக்கு வேறொருவர் கண்ணுக்குப் பிடித்துவிட்டால் ஏற்போமா? ஆளுக்கொரு சட்டம் என்றால் அந்த என்ஜினில் யார் ஏறுவார்கள்?”

இதுதான் அவர் பக்கத்து நியாயம் என்று இப்போது படுகிறது. முறிந்த முகத்தைப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்வது அனுபவம்தான். ஆனால் விமானத் தொழிலில் அனுபவத்தை எழுத்தில் வைக்காவிட்டால் அது வெறும் அபிப்பிராயம். எண்ணை மட்டும் பார்ப்பவர் குறையைத் தவறவிடலாம். எண்ணைத் தாண்டிப் பார்ப்பவர் தன் அன்றைய மனநிலையை விதியாக்கிவிடலாம். இரண்டில் எது மோசம் என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் அதிகப் பயம். ஆனாலும் முதலாவதைப் பொறுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

முறிவு முகங்களின் ஒப்பீட்டுப் படத்தொகுப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டது அவர்தான். இழைகள் நன்றாக உருவி வந்தது ஒரு முனை, முழுக்கத் தட்டை இன்னொரு முனை, இடையில் படிகள். எந்தப் படிக்குக் கீழே போனால் குறுக்குவெட்டு கட்டாயம், எதற்குக் கீழே போனால் தொகுதியே நிற்கும் என்று எழுதினோம். தட்டையான பகுதியின் அகலம் ஒரு புரியைத் தாண்டக் கூடாது என்பது என் கோரிக்கை. முறிந்த முகம் மொத்தத்தில் அது எத்தனை பங்கு என்று கணக்கிட வேண்டும் என்பது அவருடையது. நான் கேட்பதற்கு விரிசலின் நடத்தை காரணம்: அடுத்தடுத்த இழைகள் சேர்ந்து ஒட்டிக்கிடப்பதுதான் ஆபத்து, அங்கங்கே சிதறி இருந்தால் இல்லை. அவர் கேட்பதற்கு, பங்கு என்பதை யார் அளந்தாலும் ஒரே விடை வரும் என்பது காரணம். இரண்டையும் போட்டோம். இப்படிப் பொதுவாக இரண்டையும் போட்டுவிடும் கூட்டங்களை நான் கேலி செய்வது வழக்கம். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு இன்னும் ஒப்பாதது ஒன்றுதான். முறிவைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குள், அத்தனை விலை கொடுத்த இழையும் அடுக்கிய உழைப்பும் உலை நேரமும் போய்விடுகின்றன. பூசிய புரியை நாடாவாக்கும் முன்பே சுருளின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெட்டி, ரெசினில் பதித்து, நுண்ணோக்கியில் வைத்தால் நடுவில் பூச்சு போயிருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அதைத்தான் இப்போது வலியுறுத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு முனையைப் பார்த்துவிட்டுச் சுருளின் நடு நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று அவர் கேட்கிறார். சுருளை இன்னும் குட்டையாகச் சுற்றலாமே என்றேன். ஒவ்வொரு முறை புரியை மாட்டி உலையைத் தொடங்கும்போதும் முதல் சில மீட்டர் வீணாகிறதே, அந்தக் கணக்கை யார் பார்ப்பது என்று உற்பத்திப் பிரிவு கேட்கிறது. கணக்கைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கழித்த தொகுதியின் விலையையும் அதே தாளில் எழுதித்தான் கொண்டுபோகப் போகிறேன்.